டக்ஸ் ரேசரும் அதோட வாரிசுகளும்

லினக்ஸ்ல கேம்ஸ் எங்கேப்பா இருக்குன்னு கேக்கறவங்களுக்கு நான் முதல்ல காட்டறது டக்ஸ் ரேசர் தான். லினக்ஸ் சின்னமான பென்குவின் பனிமலையில வயித்தால சறுக்கிக்கிட்டே மீன் பொறுக்கும். அவ்ளோதான் ஆட்டம்!

கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழக மாணவர் ஜாஸ்மின் பேட்ரி, கணினி வரைகலை புராஜெக்டுக்காக மூணே நாளில் எழுத ஆரம்பித்தது இது. 2000-ல் ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரலோடு வெளியானது. அப்புறம் சன்ஸ்பயர் ஸ்டூடியோஸ் என்ற கம்பெனி பெயரில் 2002-ல் புதுப் பதிப்பு வந்தது. காசுக்கு, மூலநிரல் கிடையாது!

இதைத் துரோகம்னு எனக்குச் சொல்லத் தோணலை. எழுதினவங்க சொத்து, விக்கலாம். ஆனா ஜிபிஎல்-ல ஏற்கெனவே கொடுத்ததைத் திரும்ப வாங்கிக்க முடியாதே. அந்தப் பழைய 0.61 பதிப்பை வேற ஆட்கள் எடுத்து 'பிளானட்பென்குவின் ரேசர்'னு வளர்த்தாங்க. அதுக்கப்புறம் வந்தது 'எக்ஸ்ட்ரீம் டக்ஸ் ரேசர்'. விற்ற கம்பெனியோ சில வருஷத்திலேயே காணாமப் போச்சு.

எக்ஸ்ட்ரீம் டக்ஸ் ரேசர் டெபியன்ல இன்னிக்கும் கிடைக்குது. போட்டியில வேகமா மட்டும் போனா பத்தாது, மீனும் கணக்கு, சொல்லிட்டேன் :-)