உள்ளடுக்குத் தரவில் தேடல்

டிக்ஷனரிக்குள் லிஸ்ட், லிஸ்டுக்குள் இன்னொரு டிக்ஷனரி என ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய தரவில் ஒரு சாவியையோ மதிப்பையோ கண்டெடுப்பது உள்ளடுக்குத் தேடல். இணையச் சேவைகள் ஜேசான் வடிவில் அனுப்பும் பதில்களைக் கையாள்வோருக்கு இது அன்றாட வேலை.

பாதை தெரிந்தால் தேடவே வேண்டாம். 'வாடிக்கையாளர்', 'முகவரி', 'பின்கோடு' என்று இறங்கினால் போதும். பாதை தெரியாவிட்டால் முழுத் தரவையும் துழாவ வேண்டும்; உறுப்புகள் பெருகப் பெருக நேரமும் கூடும். தன்னையே அழைத்துக்கொள்ளும் ஃபங்ஷன்தான் இதற்கு வழக்கமான வழி. பைத்தானில் அவ்வாறு அழைக்கும் ஆழத்துக்கு 1000 என்ற இயல்பு வரம்பு உண்டு. மிக ஆழமான தரவுக்குச் சொந்தமாக ஒரு ஸ்டாக் வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. ஸ்டாக்குக்குப் பதில் க்யூ வைத்தால் மேல்மட்டத்தில் உள்ளவை முதலில் அகப்படும். சரங்களிலும் கவனம் வேண்டும். பைத்தானில் ஓர் எழுத்து மட்டுமே உள்ள சரத்தைப் பிரித்தாலும் அதே எழுத்துதான் கிடைக்கும். ஆகவே சரத்தையும் லிஸ்ட் போலப் பிரிக்கும் ஃபங்ஷன் முடிவின்றி இறங்கிக்கொண்டே போய் வரம்பில் முட்டி நிற்கும்.

சாவியைத் தேடுவதைவிட மதிப்பைத் தேடுவது வம்பு பிடித்தது. 600004 என்ற எண்ணைத் தேடினால், மேற்கோள் குறிக்குள் சரமாக இருக்கும் 600004 சிக்காது. பைத்தானில் ட்ரூவும் 1-உம் சமம் என்பதால், 1-ஐத் தேடுபவருக்கு ட்ரூ உள்ள இடங்களும் வந்து சேரும். ஜேசானில் மதிப்பாக நல் இருப்பதும் சாவியே இல்லாததும் வேறு வேறு. பைத்தானின் கெட் இரண்டுக்கும் நன் என்றே பதில் தரும். ஓர் ஆர்டரில் வாடிக்கையாளருக்கு மட்டுமல்ல, கடைக்கும் ஒரு பின்கோடு இருக்கக்கூடும். எனவே மதிப்போடு அது கிடைத்த பாதையையும் திருப்பித் தராத ஃபங்ஷன் பாதி வேலைதான் செய்திருக்கிறது.

இத்தகைய தேடலுக்கெனத் தனி மொழிகளும் உண்டு. எக்ஸ்எம்எல்லுக்கு 1999-இல் பரிந்துரையான எக்ஸ்பாத், இரட்டைச் சாய்கோட்டால் எந்த ஆழத்திலும் தேட வழி தந்தது. ஸ்டெஃபான் கெஸ்னர் 2007-இல் முன்வைத்த ஜேசான்பாத்தில் அதே வேலையை இரட்டைப் புள்ளி செய்கிறது. ஜேசான்பாத் 2024-இல் ஆர்எஃப்சி 9535 ஆகத் தரப்படுத்தப்பட்டது. கட்டளை வரியில் ஜேசானைத் துழாவ ஜேக்யூ என்ற கருவி பிரபலம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 9.4 பதிப்பு (2014) ஜேசான்பி வகையை ஜின் இன்டெக்ஸோடு கொண்டுவந்தது. ஆனால் அதன் கேள்விக்குறி ஆபரேட்டர் மேல்மட்டச் சாவிகளை மட்டுமே பார்க்கும்; எந்த ஆழத்திலும் தேட, 12-ஆம் பதிப்பில் (2019) சேர்ந்த பாதை மொழியின் இரட்டை நட்சத்திரக் குறி வேண்டும்.