லாட்டரி நடத்த லைசென்ஸ் யாருக்கு?

திருக்கடையூருக்கு இன்று அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ள வரும் தம்பதிகளுக்கு அந்தக் காலம் நன்றாக நினைவிருக்கும். பஸ் ஸ்டாண்டு, டீக்கடை, பெட்டிக்கடை என்று எங்கு பார்த்தாலும் கயிற்றில் கலர் கலராக லாட்டரிச் சீட்டுகள் தொங்கும். நடவுக்கூலி வாங்கிய கையோடு ஒரு சீட்டு. மறுநாள் பேப்பரில் ரிசல்ட்!

இந்தத் தொழிலுக்கு யார் லைசென்ஸ் வாங்கலாம்? தனியார் யாருமே வாங்க முடியாது என்பதுதான் வேடிக்கை. அரசு அனுமதியில்லாத லாட்டரிகளை ஆங்கிலேயர்கள் 1844-லேயே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். சுதந்திரத்துக்குப் பின் கேரள அரசு 1967-ல் லாட்டரி தொடங்கியது. அண்ணா முதல்வராக இருந்த 1968-ல் தமிழக அரசும் பரிசுச் சீட்டு கொண்டுவந்தது. கடைக்காரர் வெறும் ஏஜென்ட், முதலாளி அரசாங்கம்.

பிறகு மற்ற மாநிலச் சீட்டுகள் வந்து குவிந்தன. சுரண்டல் லாட்டரி, ஒரு நம்பர் லாட்டரி என்று வேகம் கூடியது. இதைக் கட்டுப்படுத்த 1998-ல் மத்திய அரசு சட்டம் இயற்றியது. சீட்டில் மாநில அரசின் முத்திரை வேண்டும், குலுக்கலை அரசே நடத்த வேண்டும், விற்ற பணம் அரசுக் கணக்கில் சேர வேண்டும், ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கல்தான். பிற மாநில லாட்டரியைத் தடை செய்யும் அதிகாரமும் மாநிலங்களுக்குக் கிடைத்தது.

ஆனால் 1999-ல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு கொக்கி போட்டது. தானே லாட்டரி நடத்தும் மாநிலம் அடுத்த மாநிலச் சீட்டைத் தடுக்க முடியாது. அதாவது, தன் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்துக் கடையை மட்டும் மூடச் சொல்லக்கூடாது. நியாயம்தானே?

2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு தன் கடையையும் சேர்த்தே மூடியது. அரசுக்கு வருமானம் போனது, சீட்டு விற்றவர்களுக்குப் பிழைப்பு போனது. ஆனாலும் பல கூலிக் குடும்பங்களில் சம்பளம் வீடு வந்து சேர்ந்தது என்பதை மறுக்க முடியாது.

ஆசை மட்டும் போகவில்லை. 'மூன்று நம்பர்' லாட்டரி விற்றதாகக் கைது என்ற செய்தி டெல்டா மாவட்டங்களிலிருந்து இன்றும் வருகிறது. கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்து நடக்கும் ஆட்டம் இது. அரசு முத்திரை இல்லை, குலுக்கலும் இல்லை, துண்டுச் சீட்டில் எழுதிய எண்தான். பரிசு விழுந்து பணம் தராமல் ஏமாற்றினால் கோர்ட்டுக்கும் போக முடியாது. பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவு.