ஐந்நூற்றிரண்டு ஊர்திகள்

1990ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெனீவா நகரத்து மோட்டார் கண்காட்சியில், ஜெர்மனியின் மெர்சிடிஸ்-பென்ஸ் நிறுவனம் ஒரு மகிழுந்தைக் காட்சிக்கு வைத்தது. நான்கு கதவுகள், நால்வர் அமரும் இருக்கைகள், வங்கி மேலாளர் ஒருவர் அலுவலகம் சென்றுவரத் தக்க அமைதியான உடலமைப்பு. ஆனால் அதன் பின்புறத்தில், பெட்டி மூடியின்மேல், ஓர் உயர்ந்த இறக்கை நின்றது. சக்கரங்களின் மேல்வளைவுகள் புடைத்திருந்தன. நிறம் நீலங்கலந்த கருமை. 190இ 2.5-16 எவல்யூஷன் 2 என்பது அதன் நீண்ட பெயர். செய்யப்பட்டவை 502 மட்டுமே. விலை 1,15,000 மார்க்குக்கும் மேல். இன்று அவற்றுள் ஒன்று ஏலத்திற்கு வருமாயின், கடல்கடந்தும் சேகரிப்பாளர் வருகின்றனர். 502 என்னும் எண்ணிக்கை ஏன் என்ற வினாவிற்கு விடை பொறியியல் நூலில் இல்லை. பந்தய விதிநூலில் உள்ளது.

1982இல் நடைமுறைக்கு வந்த 'குரூப் ஏ' என்னும் பந்தய வகுப்பு, கடையில் விற்கப்படும் மகிழுந்துகளுக்கு உரியது. பட்டறையில் தனியே வடித்த வண்டியைக் கொண்டுவந்து வெற்றி பெறுதல் கூடாது என்பது அதன் நோக்கம். ஆகவே ஒரு மாதிரி பந்தயத்தில் இறங்க வேண்டுமாயின், தொடர்ந்த 12 மாதங்களில் அதனை 5,000 எண்ணிக்கையில் செய்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாறு தகுதி பெற்றபின் அதனை மேலும் திருத்த விரும்பினால், திருத்திய வடிவத்தில் 500 வண்டிகள் செய்தல் போதுமானதாக இருந்தது. தகுதி வழங்கும் இம்முறையை 'ஹோமோலகேஷன்' என்பர். திருத்திய வடிவத்தை 'எவல்யூஷன்' என்பர். யாப்பின் கட்டுக்குள் நின்று புதுமை செய்யும் புலவரின் நிலைக்கும் இப்பொறியாளரின் நிலைக்கும் பெரிய வேறுபாடில்லை. பந்தயக் களத்தில் ஓர் இறக்கை வேண்டுமென்றால், அதே இறக்கையைப் பொதுமக்களுள் ஐந்நூறு பேருக்கு விற்றாக வேண்டியிருந்தது. பந்தய வண்டியின் தேவைக்குப் பணம் கொடுத்தவர் சாலையில் செல்லும் வாடிக்கையாளரே. விதியை வகுத்தவர்கள் இந்த வேடிக்கையை எதிர்பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

இம்மாதிரியின் மூல வடிவமாகிய 190, 1982ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. அதனை மலைப்பாதை, காட்டுப்பாதைகளில் நடக்கும் ராலிப் பந்தயங்களில் ஓட்டுவதே முதல் எண்ணம். அதற்கென இங்கிலாந்தின் காஸ்வொர்த் நிறுவனத்திடம் எஞ்சினின் தலைப்பகுதியை வடிவமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகளாக, நான்கு சிலிண்டருக்குப் பதினாறு. பெயரின் இறுதியில் நிற்கும் 16 இதுவே. ஆனால் அதற்குள் ஆவுடி நிறுவனத்தின் குவாட்ரோ, நான்கு சக்கரங்களுக்கும் விசை செலுத்தி ராலிக் களத்தைத் தனதாக்கிக்கொண்டது. பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் வண்டிக்கு அங்கு இடமில்லை. எனவே நோக்கம் தார்ச்சாலைப் பந்தயத்திற்குத் திரும்பியது. 1983 ஆகஸ்டில் இத்தாலியின் நார்தோ வட்டப்பாதையில் இவ்வண்டி 50,000 கிலோமீட்டர் தூரத்தை, மணிக்குச் சராசரி 247 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் கடந்தது. 1984 மே 12 அன்று புதிதாகத் திறக்கப்பட்ட நூர்பர்க்ரிங் பாதையில், புகழ்பெற்ற ஓட்டுநர் இருபதின்மரை ஒரே வகையான 190இ 2.3-16 வண்டிகளில் ஏற்றிப் பந்தயம் நடத்தினர். நிக்கி லவுடாவை இரண்டாம் இடத்திற்குத் தள்ளி வென்றவர், அவ்வாண்டுதான் ஃபார்முலா 1 களத்திற்கு வந்திருந்த பிரேசில் இளைஞர் அயர்டன் சென்னா. அவருக்கு அப்போது வயது 24.

மியூனிக் நகரத்தின் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் வாளாவிருக்கவில்லை. 1985இல் அது காட்டிய எம்3, இரண்டு கதவுகள் கொண்டது. முதலிலேயே பந்தயத்தை எண்ணிச் செதுக்கப்பட்டது. ஜெர்மன் தேசியத் தொடரில் 1987, 1989 ஆகிய ஆண்டுகளின் பட்டங்கள் எம்3 ஓட்டியவர்களுக்கே சென்றன. இவ்விரு நகரங்களின் போட்டியே எவல்யூஷன் வண்டிகளின் தாய். 1989இல் மெர்சிடிஸ் தன் முதல் எவல்யூஷனை 502 எண்ணிக்கையில் செய்தது. எஞ்சினின் பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தொலைவைக் குறைத்து, சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டினர். கொள்ளளவு சற்றே குறைந்து 2,463 கன சென்டிமீட்டர் ஆயிற்று. ஆனால் எஞ்சின் மேலும் விரைந்து சுழலும் வல்லமை பெற்றது. மறு ஆண்டு வந்த இரண்டாம் எவல்யூஷனில் ஆற்றல் 235 குதிரைத்திறனாக உயர்ந்தது. வண்டியின் உயரத்தை உள்ளிருந்தே ஒரு விசையால் ஏற்றவும் இறக்கவும் முடிந்தது.

ஆயினும் காலங்கடந்து நிற்பது அந்த இறக்கையே. அதன் வடிவமைப்பில் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் ரிச்சர்டு எப்ளருக்குப் பங்குண்டு. இது வெறும் அணிகலன் அன்று. அதிவேகத்தில் பின்சக்கரங்களைத் தரையோடு அழுத்துவது. அதேவேளையில் காற்றின் தடையும் குறைந்து, அதனை அளக்கும் கெழு 0.29 என நின்றது. இந்த இறக்கை பயன் தருமாயின் எங்கள் காற்றுச் சோதனைக் கூடத்தைத்தான் இடித்துக் கட்டவேண்டும் என்று போட்டி நிறுவனத்தின் உயர் அலுவலர் ஒருவர் நகைத்ததாக ஒரு செய்தி வழங்குகிறது. செய்தி மெய்யோ புனைவோ, களம் அளித்த விடையில் ஐயமில்லை. 1990, 1991 ஆண்டுகளின் பட்டத்தை ஆவுடி கைப்பற்றினாலும், 1992இல் கிளவுஸ் லூட்விக் இவ்வண்டியால் வாகையர் ஆனார். இரண்டாம், மூன்றாம் இடங்களும் இவ்வண்டி ஓட்டியவர்களுக்கே. அவ்வாண்டு மே மாதம் ஹாக்கன்ஹைம் பாதையில் எல்லன் லோர் பெற்ற வெற்றியைப் பலரும் அடிக்குறிப்பாகத் தள்ளிவிடுகின்றனர். அது தவறு. அத்தொடரில் ஒரு பெண் வென்ற முதல் பந்தயம் அது. ஓட்டியது இந்த 190இ வண்டியே.

1993இல் தொடரின் விதிகள் மாறின. ஐந்நூறு வண்டி விற்கவேண்டிய கட்டாயம் அங்கு மறைந்தது. பிறந்த காரணம் மூன்றே ஆண்டுகளில் மறைந்துபோக, வண்டிகள் மட்டும் எஞ்சின. சேகரிப்பாளர் தேடிச் செல்வது இந்த எச்சத்தையே.

வாங்குவது எளிதன்று. சாதாரண 190 வண்டிகள் இலட்சக்கணக்கில் செய்யப்பட்டவை. அவற்றின்மேல் இறக்கையும் புடைப்பும் பொருத்தி, எவல்யூஷன் போலத் தோற்றமளிக்கச் செய்தவர் பலர். தம் மகிழ்ச்சிக்காகச் செய்தவரைக் குறைகூற இயலாது. அவ்வண்டி இரண்டு மூன்று கைகள் மாறியபின் மூலமென்று விலை பேசப்படும்போதுதான் கேடு விளைகிறது. கியர் லீவரின்மேல் பொறித்த வரிசை எண்ணை மட்டும் நம்பி வாங்குவது பேதைமை. கைப்பிடியைக் கழற்றி மாற்றச் சில நிமிடங்கள் போதும். ஓலைச்சுவடியின் இறுதி ஏட்டை மட்டும் கண்டு காலத்தைத் துணிபவரின் பிழைக்கு இது ஒப்பானது. உடற்கூட்டில் பதித்த எண், எஞ்சினின் எண், பராமரிப்பு ஏடு, முதல் உரிமையாளரின் பத்திரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று இசைதல் வேண்டும். நிறமும் ஒரு சான்று. 500 வண்டிகள் நீலக் கருமை; இறுதியான இரண்டு மட்டும் வெள்ளி நிறம். சிவப்பு வண்டி ஒன்றை யாரேனும் காட்டினால், அது பின்னர்ப் பூசப்பட்டது என்றேனும் போலி என்றேனும் கொள்ளலாம்.

நாட்டுச் சட்டங்களும் விலையை ஆட்டுகின்றன. அமெரிக்காவில் 25 ஆண்டு நிறைந்த வெளிநாட்டு வண்டி, அந்நாட்டுப் பாதுகாப்பு விதிகளுக்கு ஏற்ப மாற்றப்படாமலே நுழையலாம். 1990இன் வண்டிகளுக்கு 2015இல் அக்கதவு திறந்தது. வாங்குவோர் கூட்டம் பெருகியது. ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்து, மூலநிலை கெடாத வண்டிக்கு 'எச்' என்னும் எழுத்துடைய பதிவெண்ணும் சலுகை வரியும் உண்டு. 2020இல் அந்த அகவையையும் இது எட்டியது. ஒரு விதியால் பிறந்த வண்டியின் மதிப்பை வேறு விதிகள் உயர்த்தின.

ஓட்டுவதா, காப்பதா என்பதே வாங்கியவர்முன் நிற்கும் வினா. நிமிடத்திற்கு 7,000 சுற்றுக்கும் மேல் சுழன்று முழு ஆற்றலைக் காட்டும் எஞ்சின், கொட்டகையில் நின்றால் அதன் பொருளே இல்லை. ஓட்டினாலோ கிலோமீட்டர் ஏறும், விலை இறங்கும். இறக்கையின் அழுத்தம் என்னவென்று அறியாமலே சில வண்டிகள் கை மாறுகின்றன. நின்றே கிடக்கும் வண்டியில் இரப்பர்க் குழாய்கள் காய்ந்து வெடிக்கின்றன, உயரத்தை மாற்றும் அமைப்பில் எண்ணெய் கசிகிறது, டயர்கள் கல்லாகின்றன. மிகக் குறைந்த கிலோமீட்டர் காட்டும் வண்டிக்கு மிக உயர்ந்த விலை கொடுத்தவர், அதனைச் சாலையில் இறக்க எண்ணினால் முதலில் டயர் நான்கையும் மாற்றியாக வேண்டும். அவற்றையும் அவர் எறிவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வந்தவை என்பதால் துணி சுற்றி அதே கொட்டகையில் அடுக்கி வைக்கிறார்.