ஒன்றரை வேகத்தில் நீலி கதை

2020 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸ் தன் ஆண்ட்ராய்டு செயலியில் வேகத்தைக் கூட்டிப் பார்க்கும் வசதியைத் தந்தது. 'ஸ்கிப் இன்ட்ரோ' பட்டன் அதற்கு முன்பே வந்தாச்சு. ஏன் ஓட்டிப் பார்க்கிறோம் என்று கேட்டால் நம்மிடம் ஒரே பதில்தான்: "ஸ்லோவா போகுது பாஸ், கதைக்கு வரமாட்டேங்குறான்." அடுத்து என்ன நடக்கும் என்பதுதான் கதை என்று நாம் வைத்திருக்கிறோம். நாஞ்சில் நாட்டுக் கோயில் கொடைகளில் விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்குக் கதை என்பது வேறு.

வில்லுப்பாட்டு நேராகக் கதைக்குள் போகாது. காப்பு, வருபொருள், குருவணக்கம், அவையடக்கம், நாட்டு வளம் என்று ஒவ்வொன்றாகக் கடந்துதான் கதை தொடங்கும். புலவர் வீசுகோலால் நாணைத் தட்டி ஒரு வரி பாடுவார். இடப்பக்கம் இருப்பவர்கள் அதை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். கேட்பவர் நடுவில் எழுந்துபோய் டீ குடித்துவிட்டு வரலாம். பிள்ளைகள் மடியில் தூங்கலாம். பாட்டு முதலில் சாமிக்கு, அப்புறம்தான் நமக்கு.

இசக்கியம்மன் கோயில்களில் பாடப்படும் நீலி கதையை எடுத்துக்கொள்வோம். கணவனால் கொலையுண்டவள் மறுபிறவியில் பேயாகப் பழிவாங்க வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த வணிகன் தன் புருஷன் என்று ஊரார்முன் அழுகிறாள். வணிகன் நடுங்குகிறான். எழுபது வேளாளர்களும் அவள் பேச்சை நம்பி, அவன் உயிருக்குத் தங்கள் உயிரைப் பிணை வைக்கிறார்கள். விடிந்தால் அவன் பிணம். எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

இந்த முடிவு கூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும், ஸ்பாய்லர் என்ற பேச்சே இல்லை. தெரிந்திருப்பதால்தான் அந்த வழக்குக் காட்சி நீள நீள நெஞ்சு அடைக்கிறது. நமக்குத் தெரிந்தது எழுபது பேருக்குத் தெரியாது. அவர்கள் நல்லவர்களாக நியாயம் பேசும் ஒவ்வொரு வரியும் அவர்களைத் தீக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறது. அந்த வரியும் ஒரு தடவைக்கு இரண்டு தடவை பாடப்படுகிறது. இதை ஒன்றரை வேகத்தில் கேட்டால் தகவல் எல்லாம் வந்துவிடும், பயம் மட்டும் வராது.

வில்லுப்பாட்டைக் கள ஆய்வு செய்து 1988இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய ஸ்டூவர்ட் பிளாக்பர்ன், பிறப்பையும் சாவையும் சுற்றியே இந்தக் கதைகள் அமைவதை விளக்கினார். அந்த இடம் வரும்போது தாளம் முடுக்கும், சாமியாடிக்கு அருள் வரும். அதுவரை மெதுவாக ஏறிய பாரம்தான் அங்கே இறங்குகிறது.

'பெட்டர் கால் சால்' (2015-2022) செய்ததும் கிட்டத்தட்ட இதுதான். 'பிரேக்கிங் பேட்' பார்த்தவர்களுக்கு ஜிம்மி என்னவாகப் போகிறான் என்று முன்பே தெரியும். அவனுக்குத் தெரியாது. அவன் திருந்தப் பார்க்கும் சாதாரண நாட்கள்கூட நமக்குக் கனக்கின்றன. மைக் ஒரு வார்த்தை பேசாமல் தன் காரைப் பாகம் பாகமாகக் கழற்றும் காட்சியில், அவன் பொறுமையை நாமும் கொஞ்சம் கற்றுக்கொள்கிறோம்.

எல்லா மெதுவும் ஒன்றில்லைதான். ஒரே அதிர்ச்சிக்கு ஆறு முகத்தை மாறி மாறி ஜூம் செய்கிற மெகா சீரியலில், விளம்பர இடைவேளை வரை நேரம் ஓட வேண்டும், அவ்வளவுதான். அதைத் தாராளமா ஓட்டலாம். ஆனால் பட்டனில் விரல் போகும்போது ஒன்றைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்தப் பாத்திரத்துக்குத் தெரியாத எது எனக்குத் தெரிந்திருக்கிறது? பதில் இருந்தால், விரலை எடுத்துவிடுங்கள். வழக்கு நடந்துகொண்டிருக்கிறது.