கை கழுவும் பாடமும் கடைச் சரக்கும்

பாகூர் வயலில் நாற்று நட்டவரும், வில்லியனூர்க் களத்தில் நெல் தூற்றியவரும் உண்ணுமுன் கையை நீரில் அலம்புவது நம் பழைய வழக்கம். ஆனால் நீர் மட்டும் போதாது என்பதை உலகம் மெல்லவே உணர்ந்தது.

1847-இல் வியன்னா மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்பார், மருத்துவர்களைக் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். பிரசவக் காய்ச்சலால் மடியும் தாய்மாரின் தொகை பெரிதும் குறைந்தது. எனினும் மருத்துவர் பலர் அவர் சொல்லை ஏற்றிலர்.

அறிஞர் சொல் ஏறாத செவியில் பின்னர் வணிகர் சொல் ஏறிற்று. 1894-இல் இங்கிலாந்தின் லீவர் சகோதரர்கள் கார்பாலிக் அமிலம் கலந்த ‘லைப்பாய்’ சோப்பை வெளியிட்டனர். மறு ஆண்டே அது இந்தியாவுக்கு வந்தது. அழகைச் சொல்லியன்று, உடல்நலத்தைச் சொல்லி அதனை விற்றனர். 2002 முதல் அதன் விற்பனையாளர் சில மாநிலங்களின் சிற்றூர்ப் பள்ளிகளுக்கே சென்றனர். ஒளிரும் பொடியைக் கையில் தடவி, நீரால் மட்டும் கழுவினால் அது நீங்காமையைக் காட்டினர். பாடமும் விற்பனையும் கைகோத்து நடந்தன.

பாடம் மெய்யே, ஆயினும் விற்பனைக்கு ஒரு வரம்பு வேண்டும். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது கிருமிநாசினிக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. இந்திய அரசு அதனை அத்தியாவசியப் பொருளாக்கி, 200 மில்லி லிட்டர் புட்டிக்கு 100 ரூபாய் என உச்சவிலை விதித்தது.

ஆதலின், விளம்பரத்திலுள்ள உண்மையை ஏற்றுக்கொள்ளுங்கள். சரக்கை ஆராய்ந்து வாங்குங்கள். அன்றாட வாழ்வில் கைத் தூய்மைக்கு எளிய சவுக்காரமும் நல்ல நீருமே போதும்.