நிறத்தவர் சுயேச்சைக் கட்சி (கியூபா)

கியூபாவின் கறுப்பினத்தவர் 1908 ஆகஸ்ட் 7 அன்று ஹவானாவில் தொடங்கிய அரசியல் கட்சி. தலைவர் எவரிஸ்தோ எஸ்தெனோஸ். அவருக்கு அடுத்த இடத்தில் பெத்ரோ இவோன்னெத். இருவரும் ஸ்பெயினுக்கு எதிரான விடுதலைப் போரில் (1895–98) களம் கண்டவர்கள்.

கியூபாவில் அடிமை முறை 1886இல்தான் ஒழிந்தது. அதன் பின் வந்த போரில், அந்தோனியோ மசேயோ போன்ற தளபதிகள் தொடங்கிக் கடைநிலை வீரர்வரை கறுப்பினத்தவர் பெருந்தொகையினர். 1901 அரசியலமைப்பு ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை தந்தது. வாக்குக் கிடைத்தது, பதவியும் வேலையும் கிடைக்கவில்லை. அரசோ ஸ்பெயினிலிருந்து வெள்ளையரை வரவழைத்துக் குடியேற்றியது. 1906 கிளர்ச்சியில் லிபரல் கட்சியைத் தூக்கிவிட்டதும் கறுப்பின வீரர்கள்தான். ஏறியவர்கள் ஏணியை எட்டி உதைத்தார்கள். குறை சொன்னால், "நாம் எல்லோரும் கியூபர்கள், இங்கே ஏது இனம்?" என்ற பதில் தயாராக இருந்தது.

எட்டு மணி நேர வேலை, இலவசக் கல்வி, மரண தண்டனை ஒழிப்பு, முன்னாள் வீரர்களுக்கு நிலம் என்று கட்சி கேட்டவற்றில் பெரும்பாலானவை எல்லா ஏழைகளுக்கும் பொதுவானவை. ஏடு 'பிரெவிசியோன்'; சின்னம், கட்டவிழ்ந்து பாயும் குதிரை. 1908 தேர்தலில் கட்சி ஓரிடமும் வெல்லவில்லை. ஆனாலும் கறுப்பின வாக்குகள் கைநழுவும் என்று லிபரல்கள் அஞ்சினர்.

ஒரே இனத்தவரைக் கொண்ட கட்சிகளைத் தடைசெய்யும் தேர்தல் சட்டத் திருத்தத்தைக் கொண்டுவந்தவர் செனட்டின் ஒரே கறுப்பின உறுப்பினர் மார்த்தின் மோருவா தெல்காதோ; ஆப்பிரிக்க அடிமையாயிருந்த தாயின் மகன். 1910 ஏப்ரலில் அவர் இறந்தார். மே மாதம் திருத்தம் சட்டமானது. வெள்ளையர் ஆதிக்கத்தில் இருந்த கட்சிகளை அது தொடவில்லை. எஸ்தெனோஸும் தோழர்களும் சிறையில் மாதக்கணக்கில் கிடந்து, பிறகு விடுதலையாயினர்.

சட்டத்தை நீக்கச் சொல்லி 1912 மே 20 அன்று, குடியரசின் பத்தாம் ஆண்டு நிறைவு நாளில், கட்சியினர் ஆயுதம் ஏந்தினர். கிளர்ச்சி கிழக்கே ஒரியெந்தே மாகாணத்தில்தான் பரவியது. "இனப்போர்" என்று பத்திரிகைகள் பீதி கிளப்பின. அமெரிக்கக் கடற்படை வீரர்கள் கரையிறங்கினர். அதிபர் ஹோசே மிகெல் கோமெஸ் அனுப்பிய படை, கிளர்ச்சியாளர் யார், குடியானவர் யார் என்று பார்க்கவில்லை. இறந்தோர் 2,000 முதல் 6,000 வரை என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு, பெரும்பாலோர் ஆயுதமற்றவர்கள். ஜூன் 27 அன்று எஸ்தெனோஸும், ஜூலை 18 அன்று இவோன்னெத்தும் கொல்லப்பட்டனர். எஸ்தெனோஸின் உடல் சாந்தியாகோ நகரில் மக்கள் பார்வைக்குக் கிடத்தப்பட்டது.

அதன்பின் கறுப்பினத்தவருக்கெனத் தனிக் கட்சி எழவில்லை. 1917இல் ஹவானாவில் தோன்றிய அத்தெனாஸ் கழகம், படித்த வசதியான கறுப்பினத்தவரின் சங்கமாகவே இருந்தது. 1940 அரசியலமைப்பு இனப் பாகுபாட்டைக் குற்றமாக்கியது. இன அடிப்படையில் கட்சி அமைப்பதற்கான தடையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது.