உவாந்தேரு: இடம் மாறிய ஒரு பெயர்

சிங்கவால் குரங்குக்குப் பிரெஞ்சு மொழியில் 'மக்காக் உவாந்தேரு' என்று பெயர். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் போன்றவர்களுக்கு, இது பிரெஞ்சுச் சொல் மாதிரி ஒலிக்கவில்லையே என்று தோன்றும். தோன்றுவது சரிதான். இது சிங்களச் சொல். அதுவும் வேறொரு குரங்கின் பெயர்.

கதை 1660-இல் தொடங்குகிறது. ராபர்ட் நாக்ஸ் என்ற இளம் ஆங்கிலேயர் இலங்கையின் கிழக்குக் கரையில் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டார். ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்த மலைநாட்டுக் கிராமங்களில் கைதியாகக் காலம் தள்ளி, தப்பி வந்து, 1681-இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். கரிய முகமும், காதிலிருந்து காது வரை வெண்தாடியும் கொண்ட ஒரு குரங்கைப் பற்றி அதில் எழுதியிருக்கிறார். அது காட்டை விட்டு அதிகம் வெளியே வராது. இலையையும் தளிரையும் தின்று வாழும். ஆனால் பிடித்து வளர்த்தால் எதையும் தின்னும் என்கிறார். அந்த ஊர்க்காரர்கள் அதை வந்துரா என்பார்கள்.

18-ஆம் நூற்றாண்டில் பாரிசில் பூஃபோன் தம் பெரிய இயற்கை வரலாற்று நூலை எழுதினார். கரிய முகமும் வெளிறிய பிடரி மயிரும் உள்ள நம் சிங்கவால் குரங்குக்கு, இலங்கைப் பெயர் என்று சொல்லி 'உவாந்தேரு' என்று அவர் பெயரிட்டார். சிங்கவால் குரங்கு இலங்கையிலேயே கிடையாது. அதன் வீடு மேற்குத் தொடர்ச்சி மலை மட்டும்தான். இலங்கையில் அரசுச் செயலாளராக இருந்த எமர்சன் டென்னன்ட் 19-ஆம் நூற்றாண்டில் இந்தக் குழப்பத்தை எடுத்துச் சொன்னார். ஆனாலும் பிரெஞ்சில் பெயர் ஒட்டிக்கொண்டுவிட்டது.

முகத்தையும் தாடியையும் பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். சாப்பாட்டைப் பார்த்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். நாக்ஸ் பார்த்தது முசு இனம். அதன் இரைப்பை மாட்டினுடையதைப் போல அறைகளாகப் பிரிந்தது. உள்ளே இருக்கும் நுண்ணுயிர்கள் இலையைப் புளிக்கவைத்துச் செரிக்கச் செய்கின்றன. சிங்கவால் குரங்கு அப்படியல்ல. அதற்குக் கன்னத்தில் பை உண்டு. கிடைத்த பழத்தை அதில் அடைத்துக்கொண்டு நகர்ந்துவிடும். பழம், விதை, பூ, பூச்சி இவைதான் அதன் உணவு. வெறும் இலையைத் தின்று அதனால் காலம் தள்ள முடியாது.

நம் முன்னோர் இதில் தெளிவாக இருந்தார்கள். தொல்காப்பிய மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று தனித்தனியாகச் சொல்கிறது. சிங்களத்திலும் இலை தின்னுவது வந்துரா, மற்றது ரிலவா.

இதெல்லாம் வெறும் பெயர்ச் சண்டை என்று தள்ளிவிடாதீர்கள். சிங்கவால் குரங்கு பெரிதும் நம்பியிருக்கும் மரம் வெடிப்பலா. அதன் சதைப்பற்றான பூக்களைத் தின்னும். முள் நிறைந்த காயை உடைத்து விதையை எடுக்கும். அந்த மரம் ஈர மழைக்காட்டில்தான் வளரும். தேயிலைக்கும் காப்பிக்கும் காடு வெட்டப்பட்டபோது போனது நிழல் மட்டுமல்ல, இதன் சோறும்தான். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழைக்குக் குறுக்கே அணை கட்டும் திட்டம் வந்தபோது, இந்தக் குரங்கே எதிர்ப்பின் அடையாளமாக நின்றது. திட்டம் கைவிடப்பட்டு, 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

வால்பாறையில் நிலைமை வேறு. தோட்டங்களுக்கு நடுவே துண்டு துண்டாக நிற்கும் காட்டில் வாழும் சில கூட்டங்கள் காப்பிப் பழம் தின்கின்றன; வீட்டுக்குள் புகுந்து சமைத்ததையும் எடுக்கின்றன; சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபடுகின்றன. பிடிபட்ட குரங்கு எதையும் தின்னும் என்று நாக்ஸ் எழுதியது, பிடிக்காமலே இங்கே நடக்கிறது.

பேரப்பிள்ளைகளோடு அந்தப் பக்கம் போகிறவர்கள், பாவம் என்று பிஸ்கட்டோ வாழைப்பழமோ நீட்ட வேண்டாம். வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள், அது போதும்.